ஊட்டிய கை

மீன் அறுத்தே பிழைக்கிற வீட்டில் ஒரு பறவையை அறுக்க ஆள் கிடைக்காமல் போயிற்று. 1986 டிசம்பர் 24ஆம் தேதி காலை. தங்கச்சிமடத்தில் கடலைப் பார்த்து இறங்கும் மணல் தெரு ஒன்றில். நண்பனின் வீடு. கிறிஸ்துமஸுக்கு என்னை அழைத்திருந்தான். வீட்டில் கடல் தொழில் செய்கிற ஆண்கள் நான்கு பேர். நாள் தவறாமல் கூடை கூடையாக உயிர்களைக் கரைக்குக் கொண்டுவரும் கைகள். எட்டு மாதம் அந்த முற்றத்தில் வளர்ந்த வான்கோழியைப் பண்டிகைக்கு அறுக்கவேண்டும் என்றதும் ஒருவர் வலை பார்க்கப் போனார். ஒருவர் ஐஸ் விஷயமாகப் பாம்பனுக்குப் போனார். நண்பன் கோவிலில் குடில் கட்டும் வேலை இருப்பதாகச் சொன்னான். அவன் தகப்பனார் காரணம் எதுவும் சொல்லாமலே போனார்.

இந்தத் தயக்கம் எதைப் பற்றியது என்பதுதான் என் கேள்வி. கொல்லலாமா கூடாதா என்ற பெரிய கேள்விக்குள் நான் போகவில்லை. அதற்கு நம்மிடம் இரண்டாயிரம் வருஷத்து வாக்குமூலங்கள் இருக்கின்றன, இரண்டு கட்சிக்கும். நான் கேட்பது சிறிய விஷயம். ஆயிரம் உயிரைக் கொன்ற கை ஓர் உயிரின் முன் ஏன் நின்றுவிடுகிறது?

ரத்தம் என்று சொல்லிவிட முடியாது. சட்டம் வந்து தடுக்கும்வரை கடலாமையை அறுத்துத் தின்ற கரை இது. ஆமை சாகிற விதத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு கோழியின் ரத்தம் பெரிதில்லை. வலி என்றும் சொல்ல முடியாது. மிருகங்கள் யோசிக்கின்றனவா, பேசுகின்றனவா என்பதல்ல, வேதனைப்படுகின்றனவா என்பதே கேள்வி என்ற நோக்கில் 1789இல் பென்தம் எழுதினார். 1975இல் பீட்டர் சிங்கர் அதன்மேல் ஒரு முழு அறவியலையே எழுப்பினார். வலியை வைத்துக் கணக்குப் போட்டால் வள்ளத்தின் தட்டில் துடித்துத் துடித்து மூச்சடங்கும் மீனுக்குத்தான் கை முதலில் நடுங்கவேண்டும். கூரான கத்தியில் பறவைக்குச் சில விநாடிகள்தாம். ஆக அந்த நான்கு ஆண்களின் தயக்கம் பென்தமின் தராசில் நிற்காது. நிற்காததனால் அது வெறும் மனப்பலவீனம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அவர்கள் மனப்பலவீனம் உள்ளவர்கள் அல்ல என்பதை நான் அறிவேன்.

அந்தப் பறவையோடு எனக்கும் எட்டு நாள் பழக்கம் இருந்தது. விடுமுறை கிடைத்ததும் முன்கூட்டியே வந்துவிட்டேன். காலையில் பழைய சோற்றைப் பிழிந்து உருட்டி முற்றத்தில் எறிவேன். அது தோகையை விரித்து, இறக்கை நுனிகள் மண்ணில் உரச, கழுத்துச் சதை சிவப்பும் நீலமுமாய் மாற, உருளையைச் சுற்றி ஒரு வட்டம் வந்துவிட்டுத்தான் கொத்தும். மூன்றாம் நாள் என் காலடிச் சத்தத்துக்கே வந்தது. எனக்கு அதில் சந்தோஷம். ஒரு பிராணி நம்மைத் தெரிந்துகொள்ளும்போது ஏற்படுகிற, கொஞ்சம் அற்பமான சந்தோஷம்.

வான்கோழி என்றால் நம் வட்டாரத்தில் ஒரு வசவு. மூதுரை மயிலுக்கும் அதற்கும் போட்ட முடிச்சை வைத்துக்கொண்டு எத்தனை போலிக் கவிஞர்களை நாம் அடித்திருக்கிறோம். எட்டு நாள் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது, அது யாரையும் பார்த்து ஆடவில்லை என்பதுதான். இந்தப் பறவையின் மூதாதைகள் மெக்ஸிகோவில் மயிலையே காணாமல் ஆடிக்கொண்டிருந்தவை. 1612இல் கோவாவிலிருந்து ஒன்று ஜஹாங்கீரின் அரண்மனைக்குப் போனபோது, சக்கரவர்த்தி அதை வியந்து குறிப்பு எழுதும் அளவுக்கு இந்தியாவுக்கு அது புதிது. ஆட்டம் அதன் சொந்த ஆட்டம், பெட்டைக்காக ஆடுவது. ஒன்றுக்குச் சுயம் கிடையாது என்று முதலில் தீர்ப்பெழுதிவிட்டால் பிறகு அதை என்ன செய்தாலும் கேள்வி வராது. இது பறவைகளின் விஷயத்தில் மட்டும் நடப்பதல்ல.

வளர்த்தவள் நண்பனின் அப்பத்தா. கரையோரத்துக் கோழியும் வான்கோழியும் மீன் குடலைத் தின்று வளர்பவை. அப்படியே அறுத்தால் கறியில் மீன் கவிச்சி அடிக்கும். அதனால் கடைசி ஒரு மாதம் அப்பத்தா அதைக் கரைக்கு விடவில்லை. முற்றத்தில் நீளக் கயிற்றில் கட்டி, கேப்பையும் தவிடும் சோறும் தன் கையாலேயே வைத்தாள். வெங்காயத் தாளை நறுக்கிப் போட்டாள். வாழ்நாளில் அதற்கு மிக நல்ல உணவும் மிகுந்த கவனிப்பும் கிடைத்தது அந்த ஒரு மாதத்தில்தான். அந்தக் கவனிப்பின் நோக்கம் அதன் சாவு. ஆனாலும் கவனிப்பு பொய்யல்ல. அவள் நடிக்கவில்லை. தவிடு பிசையும்போது அதனோடு பேசிக்கொண்டிருப்பாள். இந்த இரண்டும் ஒரே கையில் சேர்ந்திருக்க முடியும் என்பதை ஏற்காத எந்த அறவியலும் இந்த விஷயத்தில் பிரயோஜனப்படாது.

பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1912இல் வெளிவந்த தன் சிறிய தத்துவ நூலில் ஒரு கோழியைப் பற்றிப் பேசுகிறார். தினமும் தீனி போட்ட மனிதன் கடைசியில் ஒருநாள் அதன் கழுத்தைத் திருகுகிறான். நேற்று வரை நடந்ததால் நாளையும் நடக்கும் என்று எதிர்பார்ப்பதில் உள்ள அபாயத்துக்கு அது உதாரணம். இந்தக் கதை பிற்பாடு கை மாறிக் கோழி வான்கோழியாயிற்று. 1976இல் விஞ்ஞான முறை பற்றி எழுதிய ஆலன் சால்மர்ஸின் நூலில், தினமும் காலை 9 மணிக்குத் தீனி பெறும் வான்கோழி, மழையிலும் வெயிலிலும் சரிபார்த்து ஒரு பொதுவிதியை நிறுவுகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விதி பொய்க்கிறது. படித்தவர்கள் சிரிக்கிறோம். பறவை தர்க்கத்தில் தவறியது என்கிறோம்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லாரும் பறவையின் பக்கமிருந்தே சொல்கிறார்கள் என்பது எனக்கு விநோதமாகப் படுகிறது. பறவைக்கு அது அனுமானம். தீனி போட்டவனுக்கு அது என்ன? அவன் நேற்றைப் பார்த்து நாளையை ஊகிக்கவில்லை. அவனுக்கு நாளை தெரியும். ஒரே செயலில் ஒரு பக்கம் எதிர்பார்ப்பு, மறுபக்கம் முழு ஞானம். தத்துவவாதிகள் பறவையின் அறியாமையை ஆராய்கிறார்கள். மனிதனின் அறிதலை யாரும் ஆராயக் காணோம்.

நம் மொழியிலும் இதே கோணல் உண்டு. செஞ்சோற்றுக் கடன் என்கிறோம். கர்ணன் அதற்காகச் செத்தான் என்று கூத்து மேடையில் இரவெல்லாம் கண்ணீர் விடுகிறோம். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்கிறது பழமொழி. மறவர் சீமையான இந்த ராமநாதபுரத்தில், சோறு போட்டவனுக்காக உயிரைக் கொடுப்பது ஒரு காலத்தில் வாழ்க்கை முறையாகவே இருந்தது. இவற்றில் எல்லாம் கடன்பட்டவன் யார்? தின்றவன். ஊட்டியவனுக்குத் தின்றவன்மேல் ஏதாவது கடன் உண்டா? அதைச் சொல்ல நம்மிடம் ஒரு சொல்கூட இல்லை. பஞ்சமும் பட்டாளமுமாக வாழ்ந்த ஒரு சமூகத்தில் சோறு போடுகிறவன் கையில்தான் சொற்களும் இருந்திருக்கும். அவன் தனக்கு எதிரான சொல்லை உண்டாக்கிக்கொள்ளமாட்டான். இந்த அகராதியின்படி வான்கோழி செஞ்சோற்றுக் கடன் தீர்க்கிறது. தின்ற கேப்பைக்கு உடம்பைக் கொடுக்கிறது. கணக்கு நேர்.

கணக்கு நேரானால் நான்கு ஆண்கள் ஏன் வீட்டை விட்டுப் போனார்கள்?

அது பிறந்ததே இதற்காகத்தானே, பண்டிகை இல்லாவிட்டால் முட்டையே வாங்கி அடைவைத்திருக்கமாட்டார்களே என்று ஒரு சமாதானம் சொல்லலாம். உயிரோடு இருக்கக் காரணமாயிருந்தவனுக்கு உயிரின்மேல் உரிமை உண்டு என்பது இதன் சாரம். இதை ஒப்புக்கொண்டால் பண்ணையாளின் பிள்ளைமீது பண்ணையாருக்கு உரிமை வந்துவிடும். இந்த வாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்துதான் நாம் அதைப் பறவைகளோடு நிறுத்திக்கொள்கிறோம்.

பதில் என்று ஒன்று எனக்குக் கிடைத்தது அப்பத்தாவிடமிருந்து. அவள் தனுஷ்கோடிக்காரி. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு, கிறிஸ்துமஸுக்கு மூன்றாம் நாள் இருக்க, புயல் அந்த ஊரை எடுத்தது. பாம்பனிலிருந்து போன பாஸஞ்சர் ரயில் அத்தனை ஜனத்தோடும் கடலுக்குள் போயிற்று. ஊர் மனித வாசத்துக்கு லாயக்கற்றது என்று சர்க்கார் அறிவித்தது. கூரையில்லாத மாதாகோவில் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. அந்த இரவில் அப்பத்தா யார் யாரைப் பறிகொடுத்தாள் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. ரஸ்ஸலின் கோழியைத் தனுஷ்கோடிக்கு மாற்றிப் பாருங்கள். தலைமுறைகளாக ஒவ்வொரு காலையும் ஊட்டிய கடல். ஒருநாள் கழுத்தைத் திருகியது. கதை அச்சாகப் பொருந்துகிறது. பொருந்துவதால் நான் ஒருநாள் அவளிடம் கேட்டேன், படித்தவனுக்கே உரிய நாசூக்கின்மையோடு: இவ்வளவு செய்த கடலிடம் உங்களுக்குக் கோபம் கிடையாதா?

"கடலுக்கு நம்மளத் தெரியாதப்பு" என்றாள். "தெரிஞ்சு செஞ்சால்ல கோவப்படலாம்."

தவிடு பிசைந்துகொண்டிருந்தாள். வான்கோழி வந்து அவள் முழங்கையருகே நின்றது. அதைப் பார்த்துவிட்டு, என்னிடம் இல்லை, பொதுவில் சொன்னாள்: "இதுக்கு என்னத் தெரியும்."

மீன் விஷயமும் இதில் அடங்கிவிடுகிறது. மீனுக்கு நம்மைத் தெரியாது. நாம் அதற்கு எதுவும் போட்டதில்லை. வலைக்காரன் போய் எடுக்கிறான்; போகிற இடத்தில் அவனையும் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. அங்கே கொலை உண்டு, துரோகம் இல்லை. முற்றத்திலோ, கூப்பிட்ட குரலுக்கு வருகிற ஒன்றை, கூப்பிட்டு, வந்தபின் கொல்லவேண்டியிருக்கிறது. தயக்கம் உயிரைப் பற்றியதல்ல, அந்தக் கூப்பிடுதலைப் பற்றியது. ஊட்டுவது பேச்சில்லாத ஒரு வாக்கு. அந்த வாக்கு கொடுத்தவனுக்குத் தெரியாமலே கொடுக்கப்பட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டவன் வாங்கிக்கொண்டுவிட்டான்.

இதைப் பழைய வழக்கங்கள் தெரிந்துவைத்திருந்தன என்று நினைக்கிறேன். நம் கிராமக் கோவில்களில் கிடாயின் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு அது உடம்பைக் குலுக்கும்வரை காத்திருப்பார்கள். ஈரம் பட்டால் ஆடு குலுக்கத்தான் செய்யும். சம்மதம் என்பது பாவனை. ஆனால் சம்மதம் தேவை என்று நினைப்பது பாவனை அல்ல. இஸ்லாமிய முறையில் அறுக்கிறவர், அதன் கண்ணெதிரில் கத்தியைத் தீட்டக்கூடாது. இறைவன் பெயரைச் சொல்லாமல் கத்தியை வைக்கக்கூடாது. தன் அதிகாரத்தால் இதைச் செய்யவில்லை என்று ஒருவன் வாய்விட்டுச் சொல்லவேண்டியிருக்கிறது. நமது சர்க்கார் 1950இல் கோவில்களில் உயிர்ப்பலியைத் தடைசெய்து சட்டம் போட்டது. வெகுகாலம் தூங்கிய அந்தச் சட்டத்தை 2003இல் எழுப்பி, எதிர்ப்புக் கிளம்பியதும் 2004இல் ரத்து செய்தது. கசாப்புக்கடைக்கு அந்தச் சட்டத்தால் ஒரு தொந்தரவும் இல்லை. அனுமதி கேட்டுக் கொல்கிற இடத்தை மட்டும் மூடப் பார்த்தது என்பதுதான் அதன் விசேஷம்.

இதற்கு நேர் எதிரான சடங்கு ஒன்று அமெரிக்காவில் நடக்கிறது. நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமை அவர்களுடைய நன்றி நாள். நாலு கோடிக்கும் மேற்பட்ட வான்கோழிகள் அன்றைய விருந்துக்குப் போவதாகக் கணக்கு. அதற்குச் சற்று முன்பாக ஜனாதிபதி ஒரு வான்கோழிக்குப் பொதுமன்னிப்பு வழங்குகிறார். 1989இல் மூத்த புஷ் தொடங்கிவைத்தது வருஷா வருஷம் நடக்கிறது. மன்னிப்பு என்றால் குற்றம் ஒன்று இருந்திருக்கவேண்டும். அந்தப் பறவை செய்த குற்றம் என்ன? வேடிக்கைதான், யாரும் அதை மெய்யாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் வேடிக்கை எந்தத் திசையில் ஓடுகிறது என்று கவனிக்கவேண்டும். கடன் பறவையின் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது. மன்னிப்புக் கேட்கவேண்டியவன் மன்னிப்பு வழங்குகிறான். செஞ்சோற்றுக் கடன் என்ற சொல்லை நாம் அவர்களிடம் ஏற்றுமதி செய்யவேண்டியதில்லை.

கடைசியில் அறுத்தது ஆட்டுக்கறிக்கடை பாய். ஆள் அனுப்பி அழைத்துவந்தார்கள். பிடித்துக்கொண்டது அப்பத்தா. கயிற்றை அவிழ்த்துவிட்டு, எப்போதும்போல் குரல் கொடுத்துக் கூப்பிட்டு, மடியில் வைத்து, உள்ளங்கையில் தண்ணீர் காட்டினாளாம். நண்பனின் தாயார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அங்கே இல்லை. ஆண்கள் போன சற்று நேரத்தில் நானும் கடற்கரைக்கு நடந்துவிட்டேன். எனக்குச் சொல்ல வலையோ குடிலோ இல்லை. காற்று வாங்கப் போவதாகச் சொன்னேன்.

திரும்பி வந்தபோது வெந்நீரில் முக்கி இறகு பறித்து, பனையோலைத் தீயில் வாட்டி, மஞ்சள் தடவியிருந்தார்கள். ஆறு கிலோ இருந்தது. வீட்டு வழக்கப்படி துண்டு போட்டுக் குழம்பு வைப்பதா, முழுசாகச் சுடுவதா என்று சர்ச்சை. முழுசாக என்றார் நண்பனின் சித்தப்பா. கடல் தொழிலை விட்டுப் பல வருஷம் வெளிநாட்டுக் கப்பல்களில் சமையல்காரராக இருந்தவர். நூற்றுக்கணக்கில் வான்கோழி சுட்டவர். அவ்வளவும் உறைந்து, தலையில்லாமல், உறைக்குள் வந்தவை. உயிருள்ள வான்கோழியை அவர் பார்த்தது இந்த வருஷம்தான். அந்தக் காலையில் ஐஸ் பார்க்கப் போனவரும் அவரே.

பத்து லிட்டர் தண்ணீரில் அரைக் கிலோவுக்கு மேல் கல்லுப்பைக் கரைத்து, அண்டாவில் பறவையை இரவெல்லாம் மூழ்க வைத்தார். கருவாட்டில் நீரை வெளியே இழுக்கிற அதே உப்பு, இந்த அளவில் கரைசலாக உள்ளே போகும்போது தசையை இளக்கி நீரைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. கருவாட்டுக்கே உப்பைப் பழகியிருந்த பெண்கள் நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுச்சாமப் பூசை முடிந்து விடியும் நேரத்தில், கேக் வேலை முடிந்து ஓய்ந்திருந்த ரொட்டிக்கடை அடுப்புக்குத் தூக்கிப் போனோம். அங்கே வேலை செய்த மன்னார்க்காரர், மண்டபம் முகாமிலிருந்து வருகிறவர், அதைப் போறணை என்றார். சீமைக் கருவேல விறகின் தணல். இஞ்சி, பூண்டு, மிளகு, பட்டை அரைத்த விழுதைத் தோலுக்கும் சதைக்கும் நடுவே விரல் நுழைத்துத் தடவியிருந்தார் சித்தப்பா. வயிற்றுக்குள் உரித்த சிறு வெங்காயமும் எலுமிச்சம்பழமும். நெஞ்சின்மேல் நெய்யில் நனைத்த துணி, தொடைகள் திறந்தபடி. முழுப் பறவையில் இதுதான் சிக்கல் என்றார். நெஞ்சுக் கறி சீக்கிரம் வெந்துவிடும், ஓடி உழைத்த தொடை வேக நேரமாகும். தொடைக்காகக் காத்திருந்தால் நெஞ்சு சக்கையாகிவிடும். குழம்பில் இந்தப் பிரச்னையே கிடையாது, ஏனென்றால் குழம்பில் பறவையே கிடையாது, துண்டுகள்தாம். முழுசாகச் சுடுவதென்றால் உயிரோடிருந்தபோது அது எதை எப்படிப் பயன்படுத்தியது என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு சுடவேண்டியிருக்கிறது. மூன்றரை மணி நேரம் ஆயிற்று. தொடையில் கம்பி குத்தி, வடிந்த சாறு தெளிவாக வந்ததும் எடுத்தார்.

மத்தியானம் பாயின் நடுவில் அது அதன் உருவத்தோடேயே இருந்தது. குழம்பாக இருந்தால் யாரும் எதையும் பார்த்திருக்க வேண்டியதில்லை. உறைக்குள் வந்ததாக இருந்தால் ஊட்டியவன் ஒருவன், கொன்றவன் ஒருவன், விற்றவன் ஒருவன், சுட்டவன் ஒருவன், தின்கிறவன் ஒருவன். ஐந்து பேருக்கும் பங்கு போட்டதில் கடன் காணாமல் போயிருக்கும். அப்படிக் காணாமல் போக்குவதைத்தான் நாகரிகம் என்கிறோம் போலிருக்கிறது. இங்கே அது போகவில்லை. ஆண்கள் முதலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்பத்தா சாப்பிடமாட்டாள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். கதை எழுதுகிறவனின் எதிர்பார்ப்பு அது. அவள் முதல் ஆளாகக் கை நீட்டினாள். கழுத்தைக் கேட்டு வாங்கி, எலும்பை ஒவ்வொன்றாக உறிஞ்சி, ஒரு துணுக்கும் வீணாக்காமல் சாப்பிட்டாள். கண்ணீர் எதுவும் இல்லை. "வளத்தவ திங்காம யாரு திங்கிறது" என்றாள். அதன்பின்தான் மற்றவர்கள் கை வைத்தார்கள். கூப்பிட்டவள், பிடித்தவள், தின்றவள் மூன்று பேரும் ஒருத்தியாக இருந்தாள். கடனை அவள் தீர்த்துவிட்டாள் என்று நான் சொல்லமாட்டேன். தீரக்கூடியதாக எனக்குத் தோன்றவில்லை. அதை வேறு யார் பெயருக்கும் மாற்றாமல் வைத்துக்கொண்டாள்.

நான் பிறப்பால் சைவம். எனக்குத் தனியாகச் சாம்பார் வைத்திருந்தார்கள். அந்த வீட்டில் அந்த மத்தியானம் என் இலை மட்டும் சுத்தமாக இருப்பதாக ஒரு கணம் நினைத்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடவேண்டும். அப்பத்தா என் இலையைப் பார்த்தாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை, விசாரிப்பதுபோல்தான் கேட்டாள்: "எட்டு நாளா நீயுந்தானப்பு சோறு போட்ட?"

ஆமாம். அவளாவது பண்டிகைக்காகப் போட்டாள். நான் அது என்னிடம் ஓடிவருவதைப் பார்ப்பதற்காகப் போட்டேன். அதன் வாக்கு என் கையிலும் இருந்தது. என் சைவம் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அது என் வயிற்றைப் பற்றிய விதி மட்டுமே. நான் சாப்பிட்டிருக்கவேண்டும் என்று இன்றும் நினைக்கவில்லை. காலையில் அந்த முற்றத்தில் இருந்திருக்கவேண்டும்.